இடது பக்கம் ஐந்து

"அம்மா, நீ எல்லார் கையையும் தள்ளித் தள்ளிப் பாக்கிறியே, உன் கையை யாரு தள்ளிப் பாப்பாங்க?"

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது ஆறு வயது மகள் கேட்டாள். "உன்னையே தூக்கிட்டு நடக்கிற கைடி இது, இதுக்கு என்ன கேடு?" என்று சிரித்துவிட்டு அம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை இருவருமே மறந்துபோனார்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கைராசியம்மா என்று பெயர். பிசியோதெரபி பிரிவில் இருபத்தெட்டு வருஷம். விழுந்தவர், நரம்பு அடிபட்டவர், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் என்று யார் வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வருவார்கள். தசைக்கு மார்க் போடும் வேலை அது. விரலை வைத்துப் பார்த்தும் ஒன்றுமே அசையவில்லையென்றால் பூஜ்யம். தோலுக்கடியில் மீன் குஞ்சு துள்ளுவதுபோல ஒரு துடிப்பு தட்டுப்பட்டால் ஒன்று. மேலே தூக்காமல் படுக்கைமேலேயே பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால் இரண்டு. பூமியின் இழுப்பை எதிர்த்துத் தூக்கிவிட்டால் மூன்று. அதற்கு மேல்தான் அவள் கையின் வேலை. நோயாளி தூக்கிப் பிடித்திருக்க, அவள் எதிர்த்துத் தள்ளுவாள். கொஞ்சம் தாங்கினால் நான்கு. முழு பலத்தோடு தள்ளியும் அசையாமல் நின்றால் ஐந்து. அதற்கு மிஷின் கிடையாது. அவள் கைதான் தராசு.

ஒரு சனிக்கிழமை காலை, ரெக்கார்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அவளைக் கூப்பிட்டாள். கைராசியம்மா எழுதிக் கொடுக்கும் மார்க்குகளை ஏற்றுவது இந்தப் பெண்ணின் வேலை. ஒல்லி உடம்பு, ஓயாத வாய்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு இடது கைக்காரங்க மட்டும்தான் வர்றாங்களா?"

"ஏன்டி?"

"இந்த மாசம் நீங்க தோள் பார்த்தவங்க முப்பது பேர். அதுல இருபத்தாறு பேருக்கு வலது பக்கம் நாலு, இடது பக்கம் அஞ்சு. காய்ச்சல்ல கிடந்த அந்தப் பாட்டிக்குக்கூட இடது பக்கம் அஞ்சு! அந்தம்மா தண்ணி டம்ளரைத் தூக்கவே ரெண்டு பேரைக் கூப்பிடுவாங்க."

கைராசியம்மா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நோயாளிக்கு எதிரே நின்று சோதிக்கும்போது, அவருடைய இடது தோளைத் தள்ளுவது அவளுடைய வலது கை.

"கதவைச் சாத்திட்டு உள்ளே வா," என்றாள்.

சிகிச்சை அறையில் ஆளில்லை. அவளே கட்டிலில் குப்புறப் படுத்தாள். வலது மேற்கையைப் பக்கவாட்டில் கட்டிலின்மேல் வைத்து, முழங்கைக்குக் கீழே விளிம்பில் தொங்கவிட்டு, பிறகு நேராக நீட்டிப் பிடித்தாள். நீட்ட முடிந்தது.

"மணிக்கட்டுக்கு மேலே கையை வச்சுக் கீழே தள்ளு. மெதுவா ஆரம்பிச்சு, முழு பலத்தோட."

"ஈர்க்குச்சி உடம்பு அக்கா எனக்கு. உங்களை நான் தள்ளவா?"

"தள்ளுடி."

கை மடங்கி விழுந்தது.

"ஐயோ, நான் இன்னும் தள்ளவே ஆரம்பிக்கலையே!" என்றாள் அந்தப் பெண். பிறகு கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று. தாராளமாகப் போட்டால் மூன்று கூட்டல், அதாவது மூன்றுக்கு ஒரு மயிரிழை மேல். எத்தனையோ பேருக்குப் போட்ட மார்க்கைத் தனக்கே போட்டுக்கொண்டு கைராசியம்மா எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகத் தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் ஒரு குடைச்சல் இருந்தது. தலையணையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கினால் முழங்கையை நீட்டும் தசை இப்படித்தான் சத்தமில்லாமல் சோரும். சட்டென்று தெரியவும் தெரியாது. கையை மடக்கத்தான் நமக்குப் பலம் வேண்டும். நீட்டுவதற்கு, தொங்கவிட்டால் பூமியே இழுத்துக்கொள்ளும். சோறு பிசையலாம், தலை வாரலாம், பை தூக்கலாம். தள்ளினால்தான் குட்டு வெளிப்படும். தள்ளுவதோ அவளுடைய தொழில்.

"நோயாளி பலமா இருந்ததால நான் தோக்கல. நான் தோத்ததால அவங்களுக்குப் பலம்னு எழுதிட்டேன்," என்று மெதுவாகச் சொன்னாள்.

முப்பது பேருடைய தாளையும் வாங்கிப் புரட்டினாள். பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர்கள். மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு தாள் மட்டும் கையைச் சுட்டது. மின்சார வாரியத்து லைன்மேன். கீழே விழுந்து இடது தோள் கழன்று, அதில் நரம்பு அடிபட்டு, தோளைப் போர்த்தியிருக்கும் தசை செத்துக் கிடந்தது. ஏழு மாதம் பாடுபட்டுத் தேற்றியிருந்தாள். வியாழக்கிழமைதான் இடது பக்கம் ஐந்து என்று எழுதி, கம்பம் ஏறலாம் என்று தகுதிச் சீட்டுக்கும் வழி செய்திருந்தாள். திங்கட்கிழமை அவர் ஏறுகிறார்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் கெட்ட செய்தியை முகம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறவள் அவள். பேருந்து பிடித்துப் போனாள்.

மின்வாரிய அலுவலகத்தின் பின்முற்றத்தில், கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து லைன்மேன் தன் இடுப்புப் பட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! நீங்க தேத்தின கை கம்பம் ஏறுறதைப் பாக்க இப்பவே வந்துட்டீங்களா? திங்கக்கிழமைதானே சொன்னேன்!"

"ஏற வேண்டாம்னு சொல்ல வந்தேங்க."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ஏழு மாசம்மா. ரசீது கிழிக்கிற வேலைல போட்டுட்டாங்க. நேத்து சேர்ந்த பசங்கள்லாம் 'ரசீது மாமா'ன்னு கூப்பிடுறானுங்க. இன்னைக்குக் காலைலதான் அவனுங்ககிட்ட பட்டையைக் காட்டிட்டு வந்தேன்." எண்ணெய்த் துணியை வீசி எறிந்தார். "உங்க கைக்கு வந்த நோவுக்கு என் கை என்ன பண்ணும்?"

"ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க. இந்த முறை என் இடது கையால தள்றேன்," என்றாள்.

அவர் வீம்பாகத் தோள் உயரத்துக்குக் கையை நீட்டினார். அவள் பக்கவாட்டில் வந்து, வலது கையை அவர் தோளின்மேல் வைத்து உடம்பு சாயாமல் பார்த்துக்கொண்டாள். இடது கையால் முழங்கைக்குச் சற்று மேலே அழுத்தினாள். முதலில் தாங்கியது. மூச்சு விடும் நேரத்துக்குள் நடுங்கியது. பிறகு இறங்கிவிட்டது.

லைன்மேன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணாந்து தெருமுனைக் கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். குனிந்து பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"எத்தனை நாளாகும்மா?"

"மூணு மாசம். கடவுள் கண் திறந்தா ரெண்டு."

"சரி," என்றார்.

திங்கட்கிழமை இன்னொரு தெரபிஸ்ட் சோதித்து நான்கு என்று எழுதினார். கொடுத்த தகுதிச் சீட்டைத் திரும்ப வாங்கவேண்டுமென்றால் காரணம் வேண்டும். பெரிய டாக்டர் கைராசியம்மாவையும் லைன்மேனையும் அழைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் இன்னொரு இடத்தில் இருக்கவேண்டியவர்போலவே பேசுவார்.

"வியாழக்கிழமை அஞ்சு, இன்னைக்கு நாலு. எப்படி?"

கைராசியம்மா நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் லைன்மேன் முந்திக்கொண்டார்.

"தப்பு என் மேலதான் ஐயா. வேலைக்குப் போற அவசரத்துல, டெஸ்ட் அன்னைக்கு உடம்பைச் சாய்ச்சுத் தோளை உசத்திக் காட்டிட்டேன். அம்மாவை ஏமாத்திட்டேன்."

"பாத்தீங்களா! எத்தனை பேர் இப்படி!" டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்து லைன்மேனுடைய கோப்பில் ஒரு வரி எழுதினார். "சார், அது வந்து..." என்று அவள் தொடங்கும்போது போன் அடித்தது. டாக்டர் கையாலேயே போகச் சொன்னார். அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. கை போன தெரபிஸ்டுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? உண்மை சொல்லப் புறப்பட்ட நாக்கு ஒரு நொடி தயங்கினால் போதும், அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். அவள் வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரத்தில், "ஏன் அப்படிச் சொன்னீங்க? நிஜமாவே சாய்ஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்கும்மா ஞாபகம்? கொஞ்சம் சாய்ஞ்சிருப்பேன். சாயாத மனுஷன் உண்டா?" அவர் சிரித்தார். "நீங்க பஸ் ஏறி வந்து சொல்லலைன்னா இந்நேரம் என் பொண்டாட்டி பிள்ளைங்க எங்க நின்னுட்டிருப்பாங்களோ. இதெல்லாம் ஒரு பேச்சா? நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பத்து மணிக்கு," என்றாள்.

அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோப்பு அவர் பின்னாலேயே வரும். கை முழுசாகத் தேறினாலும், அடுத்த முறை தகுதிக்கு உட்காரும் டாக்டர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு வரியைத்தான். 'நோயாளி ஏமாற்றிக் காட்டினார்.' அதைப் படித்த பிறகு எந்தத் தசைக்கும் ஐந்து கிடைக்காது. அவர் ரசீது கிழித்தே ஓய்வு பெறுவார். ஒருவர் நமக்காகச் சுமையைத் தூக்கிக்கொண்டால் நன்றி சொல்லிவிட்டு நடந்துவிடலாம். அது எத்தனை கனம் என்று தெரிந்தபிறகு நடக்கமுடியாது.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்தார். ஒரு கிலோ மணல் பையை மணிக்கட்டில் கட்டி, பத்து பத்தாகத் தூக்கவைத்தாள். அவர் வழக்கம்போல கேலி பேசினார். அவளும் பதில் சொன்னாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். ரெக்கார்டு அறைப் பெண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கைராசியம்மா உள்ளே போய், அடுக்கிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து மேசையில் விரித்தாள். சிவப்பு வரிக்கு நேர் கீழே, கறுப்பு மையில், அவசரப்படாமல் எழுதினாள்.

'வியாழக்கிழமை இடது தோளுக்கு ஐந்து என்று எழுதியது என் தவறு. சோதித்த என் வலது கையில் முழங்கையை நீட்டும் தசை பலவீனமாக இருந்தது. அதன் மதிப்பு மூன்று கூட்டல். நோயாளி சாய்ந்து தூக்கினால் அதைக் கண்டு தடுக்கவேண்டியது சோதிப்பவரின் பொறுப்பு. இவர் யாரையும் ஏமாற்றவில்லை. தவறு தெரிந்தவுடன் கம்பம் ஏறாமல் விலகிக்கொண்டவர்.'

கீழே முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதையே இன்னொரு தாளிலும் எழுதி, உறையிலிட்டு, பெரிய டாக்டரின் மேசைமேல் இருந்த கடிதத் தட்டில் வைத்தாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். கடவுளிடம் எதையும் கேட்கவில்லை.

மை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கோப்பை அதன் இடத்தில் செருகினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அப்போதுதான், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து, பசித்தது.