மத்தி என்றால் மீன்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஜூன் மழையில் கோழிக்கோட்டில் இருக்கும் என் அச்சகத்துக்கு இம்பிச்சி என்றொரு பெண்மணி நனைந்த பையோடு வந்தார். அறுபத்து மூன்று வயது. சாலியத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இதைப் புத்தகமாக்கணும், அண்ணாச்சி."

தமிழன் என்று தெரிந்துவிட்டால் இங்கே எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான். முப்பது வருடமாகப் பழகிவிட்டது. நோட்டைத் திறந்தேன். வலமிருந்து இடமாக இரண்டு பத்திகள், முழுக்க அரபி எழுத்து.

"எனக்கு அரபி தெரியாதே."

"அரபி இல்ல. ஒரு பக்கம் மலையாளம், இன்னொரு பக்கம் இந்தோனேசியா. எழுத்து மட்டுந்தான் அரபி. நான் மதரசாவுல படிச்சது அப்படி, அவளும் அவ ஊர்ல அப்படித்தான். இல்லேன்னா என் எழுத்து அவளுக்குத் தெரியாது, அவ எழுத்து எனக்குத் தெரியாது."

(காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை இப்படி எழுதியவர்கள் உண்டு. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். கட்டுரை கதையைத் தின்ன ஆரம்பித்திருந்தது.)

"யாரு அவ?"

"என் தம்பி பொண்டாட்டி."

மூன்று வாரம் தினமும் மதியத்துக்கு மேல் வந்து அவர் வாசித்தார், நான் தட்டச்சு செய்தேன். சொற்களுக்கு நடுவே அவர் சொன்னவைதான் இங்கே இருப்பவை.

2

முதல் தொடக்கம்: 'இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு கடல் இருந்தது, அந்தக் கடலின் மேல்' — விட்டுவிட்டேன். என் மனைவி படித்துவிட்டு, சுற்றுலாத் துறை விளம்பரமா என்று கேட்டாள்.

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு மாலை, சாலியம் கடற்கரையில் அமர்ந்திருந்த இம்பிச்சி' — பொய். அந்நேரத்தில் அவருக்கு அடுப்படியில் வேலை இருக்கும்.

ஆகவே நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். இம்பிச்சியின் தம்பி ஆலிக்கோயா சவுதியில், தம்மாம் நகரத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அதே வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் வார்த்தினி. ஜாவாவில் இந்திரமாயு பக்கம் அவள் ஊர். (தமிழ் வாசகர் சந்தேகப்படுவார்: சொற்களைப் பற்றிய கதையில் நாயகிக்கு வார்த்தினி என்று பெயரா? நானும் மாற்றப் பார்த்தேன். இம்பிச்சி சம்மதிக்கவில்லை. "அவ பேரை மாத்த நீ யாரு?")

ஒருநாள் கடலோரச் சாலையில் காரை நிறுத்திவிட்டு ஆலிக்கோயா தனக்குத்தானே, "எத்தனை கப்பல்!" என்றான். பின் இருக்கையிலிருந்து அவள், "காப்பல்?" என்றாள். அவர்கள் ஊரிலும் கப்பல் கப்பல்தான். அதுவரை உடைந்த அரபியில் சோறு, சாவி, சீக்கிரம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிக்காஹ் செய்து, சாலியத்துக்குக் கூட்டிவந்துவிட்டான்.

3

கணவனை விட்டுப் பிரிந்து வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கிய இம்பிச்சிக்கு வயிறு எரிந்தது. புதுப்பெண்ணோடு ஒரு வாரம் பேசவில்லை.

எட்டாம் நாள் காலை ஆலிக்கோயா உறவுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். தெருவில் மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தார்: "மத்தீ... மத்தி மத்தி மத்தீ..."

வார்த்தினியின் மொழியில் மாத்தி என்றால் சாவு. செத்துப்போனான், செத்துப்போனான் என்று ஒருவர் தெருவெல்லாம் கத்திக்கொண்டு வருவதாக அவளுக்குக் கேட்டது. புருஷனோ காரில் போயிருக்கிறான். மார்பில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் மீன்காரரின் சட்டையைப் பிடித்து அழுதாள். அவர் பயந்துபோய்க் கூடையை அங்கேயே விட்டுவிட்டார்.

இம்பிச்சி அவளை உள்ளே இழுத்துவந்து, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "மத்தி! மீனு! மீனுக்கு ஒப்பாரி வைக்கிற பொண்ணை இப்பத்தான் பாக்குறேன்!"

வார்த்தினி மீனைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. இம்பிச்சியும் சிரித்தாராம். அன்றைக்கு அவர்கள் மத்தி வறுத்துத் தின்றார்கள். சாயங்காலம் நோட்டில் முதல் வரி எழுதப்பட்டது.

அதன்பின் ஆலிக்கோயா தம்மாமுக்குத் திரும்பிப் போய், வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். மீதிப் பதினொரு மாதமும் வீட்டில் இரண்டு பெண்களும் நோட்டும்தான். கடை அங்கே கடாய். குளம் அங்கே கோலம். முகம் அங்கே மூக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. வார்த்தினிக்கு இம்பிச்சி இத்தா, அதாவது அக்கா.

"இது எங்ககிட்டேருந்து நீங்க கொண்டு போனது."

"இல்ல இத்தா, நீங்க வந்து எங்க ஊர்ல வச்சு மறந்துட்டுப் போனது."

சிந்தா என்றால் காதல் என்று அவள் எழுதினாள். இங்கே சிந்த என்றால் யோசனை, கவலை. இம்பிச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, "சரிதான். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பாஷை, பின்னாடி எங்க பாஷை" என்றார்.

(இந்த வரியை அவர் இரண்டு முறை வாசித்தார். நான் ஒரு முறைதான் தட்டச்சு செய்தேன்.)

4

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். ஐந்திலும் அழகு கூடிப்போனது. அவர் சொன்னபடியே தருகிறேன்.

"ஃபோன் வந்துச்சு. தம்மாம்ல லாரி மோதி தம்பி அங்கேயே போயிட்டான். அவ கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. இவகிட்ட எப்படிச் சொல்றது? மலையாளத்துல சொன்னா சட்டுனு புரியுமோ புரியாதோ. அவ பாஷையிலயே சொல்லிடுவோம்னு போய், 'ஆலி மாத்தி'ன்னேன். அவ துணியை வச்சிட்டு உள்ளே போனா, அண்ணாச்சி. தட்டை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போய் நின்னா. ஆலிக்கு மத்தின்னு நான் சொன்னதா நினைச்சுக்கிட்டா. அவன் வரப்போற மாசமில்லையா. தெருவை எட்டிப் பாத்துட்டு, 'மீன்காரரைக் காணோமே இத்தா'ங்கறா."

அதற்கு மேல் அன்றைக்கு அவர் வாசிக்கவில்லை. நான் டீ வரவழைத்தேன். ஆறிப்போயிற்று.

5

இத்தா முடிந்த வாரம் — இல்லை, இத்தா என்றால் இந்தக் கதையில் அக்கா; நான் சொல்வது கைம்பெண்ணின் காத்திருப்பு நாட்கள் — பெரியப்பா பீரான் நான்கு ஆண்களோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். குழந்தை குட்டி இல்ல. அவளை அவ ஊருக்கு அனுப்பிடலாம்."

இம்பிச்சி சமையலறைக் கதவில் நின்றிருந்தார். பக்கத்தில் வார்த்தினி.

"நாங்கன்னா யாரு, மூத்தாப்பா?"

"குடும்பத்து ஆம்பளைங்க."

"நல்லது. டீ குடிச்சிட்டுப் போங்க. நம்ம வீட்டு விஷயத்தை நாம முடிவு பண்ணிக்கிறோம்." நம்ம என்றபோது பெரியப்பாவைப் பார்க்கவில்லை, வார்த்தினியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

அவர்கள் போனபின் வார்த்தினி நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதினாள். ஞங்ஙள் – காமி. நம்மள் – கித்தா. அவள் மொழியிலும் நாங்கள் வேறு, நாம் வேறு. (தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.)

"இத்தா, ஐந்து வருஷமா நீங்க என்கிட்ட ஞங்ஙள்னுதான் சொல்லிட்டு இருந்தீங்க. தெரியுமா?"

"அப்படியா? யாரு கணக்கு வச்சா! போய் அரிசியைக் களை."

6

மூன்று வருடம் அப்படியே போயிற்று. பிறகு வார்த்தினியின் தாய் படுத்த படுக்கையாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. கரிப்பூர் விமான நிலையத்துக்கு இம்பிச்சியும் போனார். வண்டியில் வைத்துத்தான் நோட்டின் கடைசிச் சொல் எழுதப்பட்டது: பூலாங்.

"அப்படின்னா?"

"வீட்டுக்குப் போறது."

"எந்த வீட்டுக்கு?"

மலையாளப் பத்தி அந்த இடத்தில் காலியாக இருக்கிறது.

நான் இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில், பதினொரு மாதம் கழித்து அவள் இறால் அப்பளக் கட்டுகளோடு வந்து இறங்குகிறாள். இன்னொன்றில், கடிதங்கள் குறைந்து நின்றுபோகின்றன. இரண்டையும் இம்பிச்சியிடம் வாசித்துக் காட்டினேன். முதலாவதற்குத் தலையை ஆட்டினார். இரண்டாவதற்கும் அதேபோலத்தான் ஆட்டினார்.

"அப்ப என்னதான் நடந்துச்சு?"

"காலியா இருக்கிறது காலியாவே இருக்கட்டும்."

"புத்தகம் எத்தனை பிரதி வேணும்?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டா? யாருக்கு?"

நோட்டைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அது எங்க வீட்டு விஷயம், அண்ணாச்சி."