மாட்டிக்கொண்ட பாதம்

"கொஞ்சம் எண்ண போட்டு நீவி வுட்டா போதாதா டாக்டரம்மா?" என்றார் கொளஞ்சி. பிசியோதெரபி படித்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இதே கேள்விதான்.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், சின்னசேலம் சாலையை அடைக்க இவரும் தம்பி துரைக்கண்ணுவும் ஒரு புளியமரத்தை வெட்டினார்கள். போலீஸ் வரும் அவசரத்தில் சாய்கிற பக்கமே நின்றுவிட்டார்கள். தம்பி அங்கேயே இறந்துபோனார். அண்ணனின் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பாதம் வலித்தது.

"அந்தப் பாதத்த அசைக்கிற மாதிரி மனசுல நெனைங்க. வலி குறையும்."

"எப்படி அசைக்கிறது? மரத்துக்கு அடியில மாட்டிக்கினு இருக்குதே!"

"மரத்த அப்பவே அறுத்து எடுத்துட்டாங்க!" என்று எரிந்து விழுந்தேன். அவர் நம்பவில்லை. கடைசியில் பொறுமையிழந்து, கால் இல்லாத இடத்தில் இரண்டு கைகளையும் கொடுத்து, மரத்தைத் தூக்குவதுபோல் உயர்த்தினேன். "தூக்கிட்டேன். இப்ப இழுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைப் பின்னுக்கு இழுத்தார். முகம் மெல்லத் தளர்ந்தது.

"வந்துடுச்சி."

நான் கைகளை இறக்கப் போனேன்.

"வுட்றாதீங்க டாக்டரம்மா!" என்று அலறினார். "தம்பி இன்னும் அடியிலதான் இருக்கான்."