சத்தத்தைக் குறைக்கச் சொன்னவள்

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதிக்கவில்லை. உடல்நலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கூப்பிட்டார். "பாட்டு கேட்டா மனசும் உடம்பும் எப்படி நல்லாகுதுன்னு ஒரு கதை குடுங்க சார். படிச்சதும் லேசா இருக்கணும்." ஒப்புக்கொண்டேன். உடனே ஆரம்பித்தும் விட்டேன்:

மழை ஓய்ந்த மாலை. சாளரத்தின் அருகே நோயுற்ற ஒருத்தி. எங்கிருந்தோ மிதந்து வந்த குழலோசை அவள் நரம்புகளை—

(இதற்கு மேல் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த நோயுற்ற ஒருத்தி என் அக்காதான். அவளை நோயாளியாக்கியதே பாட்டுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. லேசான கதை தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

அக்கா ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வெளுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே இஸ்திரியாகி வெளியே வரும். அவற்றை இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். அக்காவுக்கு ஜோடி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஒருத்தி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். பார்த்தால் நடனம்போல் இருக்கும். (அக்கா இந்த வரியைப் படித்துவிட்டு, "இங்க முதுகு ஒடியுது, உனக்கு நடனமா?" என்றாள். வரியை அடித்துவிடலாம். ஆனால் என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

மடிக்கும்போது இருவரும் மெல்லப் பாடுவார்களாம். பழைய பாட்டுகள், பாதி வரி மறந்துபோனவை. மறந்த இடத்தில் நெட்டை கண்டதையும் சேர்ப்பாள், அக்காவுக்குச் சிரிப்பு வரும், கை தளராது, மூச்சும் சீராக இருக்கும்.

ஆசிரியர் கேட்ட கதை இதோடு முடிந்துவிட்டது. வேண்டுமானால் இதுவரை அச்சிட்டுக்கொள்ளட்டும்.

3

பிறகு சூப்பர்வைசர் எங்கேயோ படித்தார்: வேகமான பாட்டு கேட்டால் கையும் வேகமாக ஓடும். கூடத்தின் மூலைக்கு மூலை ஒலிபெருக்கி ஏறியது. வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை தடதடவென்று ஒரே அடி. எதிரே நெட்டையின் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது.

அக்காவின் கை வேகமாக ஓடத்தான் செய்தது. நெஞ்சும் சேர்ந்து ஓடியது. வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. படுத்தால் தலையணைக்குள் அதே அடி. சாப்பாடு இறங்கவில்லை. மகள் பள்ளிக்கூடப் பாட்டை முணுமுணுத்தால்கூட, "வாயை மூடுடி!" என்று எரிந்து விழுந்தாள். பிறகு அதற்காகக் குளியலறையில் போய் அழுதாள்.

டாக்டரிடம் போனாள். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். "டென்ஷன்தாம்மா. வீட்டுக்குப் போய் நல்ல பாட்டா போட்டுக் கேளுங்க, சரியாயிடும்."*

* இந்த இடத்தில் சிரிக்கிறமாதிரி ஒரு வரி எழுதப் பார்த்தேன். பேனா மறுத்துவிட்டது.

4

சூப்பர்வைசர் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வைத்திருந்தேன். அக்கா ஒப்பவில்லை. "அந்தாளு அப்படியெல்லாம் இல்லடா. நல்லாத்தான் பேசுவாரு. யாருக்காவது பொறந்த நாள்னா இனிப்பு வாங்கிட்டு வருவாரு."

மீசையை எடுத்துவிட்டேன். என் கோபம்தான் இரட்டிப்பானது.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அக்கா கேட்டபோது அவர் சிரித்தாராம். "பாட்டு உடம்புக்கு நல்லதும்மா. வெளியில டிக்கெட் வாங்கிக் கேக்குறாங்க, உங்களுக்குச் சும்மா போடறேன்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தடித்த கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் போகாது.

5

ஒரு காலை, உருளையின் அருகே அக்காவுக்குத் தலை சுற்றியது. நெட்டை விரிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து பிடித்திருக்காவிட்டால் அக்காவின் கை வெந்திருக்கும். நெட்டை கத்தினாள். பக்கத்து ஜோடிகூடத் திரும்பவில்லை. கேட்டால்தானே?

அக்கா தண்ணீர் குடித்தாள். நேராகப் போய் ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் பொதுவான பிளக்கைப் பிடுங்கினாள். சூப்பர்வைசர் ஓடி வந்து மறுபடி செருகினார். அக்கா தன் இடத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நெட்டையும் நின்றாள். அடுத்த ஜோடி நின்றது, அதற்கடுத்த ஜோடியும். விரிப்புகள் தரையில் குவிந்தன.

அவர் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. நெட்டை காதருகே கையைக் குவித்துக் காட்டினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில், தான் திட்டுவது காதில் விழ வேண்டுமே என்பதற்காக, அவரே போய்ப் பாட்டை அணைத்தார்.

"இப்ப என்னதான்மா வேணும் உங்களுக்கு?"

"இதுதான் சார்" என்றாள் அக்கா.

6

இங்கே முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். நடந்தது வேறு. மறுநாளே பாட்டு திரும்ப வந்தது, பெயருக்குக் கொஞ்சம் குறைத்து. அக்காவை அழுக்கு மூட்டை பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பாட்டு கிடையாது. பேச ஆளும் கிடையாது. "சத்தம் பிடிக்கலைன்னீங்களேம்மா, அதான்" என்றாராம் சூப்பர்வைசர், அக்கறையாக.

ஆசிரியரிடம் கொடுத்தேன். "கடைசியில அக்கா ஒரு நல்ல பாட்டைக் கேட்டுத் தேறிடறமாதிரி ஒரு பத்தி சேத்துடுங்க சார், போதும்." வெட்கத்தை விட்டு எழுதியும் பார்த்தேன்:

அன்று மகள் தயங்கித் தயங்கிப் பாட, அக்காவின் நெஞ்சுத் துடிப்பு மெல்ல மெல்ல—

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "டேய், என்னைச் சரி பண்ணி கதையை முடிக்காதே. நானா கெட்டுக் கிடக்கேன்?"

ஆகவே முடிக்கவில்லை. நெட்டை இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள், புது ஜோடியோடு. நாளைக் காலை உருளையிலிருந்து முதல் விரிப்பு வரும்போது அவள் முனையைப் பிடிப்பாளா, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளா? நான் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.