செப்புத்தகட்டின் தடம்

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தாள் உஷாராணி. நகைக்கடைப் பெயர்கள், மளிகைக்கடைத் தொலைபேசி எண்கள், பொங்கல் வாழ்த்துகள் எல்லாம் நீளநீளப் பட்டைகளாக வந்து விழுந்தன. சாமி காலண்டரைச் சட்டம் போடக் கொடுப்பவர்கள் யாரும் அடியில் இருக்கும் விளம்பரத்தைக் கேட்பதில்லை. முருகனுக்குக் கீழே அரிசிக்கடை எதற்கு? அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கடையில் படத்தைக் கண்ணாடிக்குள் வைப்பார்கள். அவள் புருஷன் சுகுமாறனுடையது பதினாறு வருஷமாக அப்படி வெட்டிப் பழகிய கை.

பட்டைகளுக்கு நடுவே நாலு மட்டும் பழுப்பாக, தடிப்பாகக் கிடந்தன. ஒன்றில் எறும்பு வரிசைபோல் அந்நிய எழுத்து. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“என்னாங்க, இதையுமா வெட்டுனீங்க?”

சுகுமாறன் மேசைமேல் இருந்த சட்டத்தைப் பெருமையோடு துடைத்துக்கொண்டிருந்தான். “அடியில ஏதோ விளம்பரம் மாதிரி இருந்துச்சு. சுத்தியும் காலி பேப்பர் வேற. நேரா வெட்டிட்டேன். கிளீனா இருக்கு லா!”

“முந்நூறு வருஷத்துப் படம்ங்க அது.”

துடைத்த கை நின்றது.

படம் கிருபானந்தன் அங்கிளுடையது. பக்கத்துப் பங்சாரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஐரோப்பியப் பயண நூல்களில் வந்த செப்புத்தகட்டுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். போன வாரம் அவர் இதைக் கொண்டுவந்தபோது சுகுமாறன் எட்டிப் பார்த்து, “அங்கிள், இது சாமியா பேயா?” என்று கேட்டான். கோயிலுக்குள் ஓர் உருவம். ஆட்டுக் கொம்பு, பறவைக் கால், வயிற்றில் இன்னொரு முகம்.

“எங்கட சாமிதான் தம்பி. கீறினவன் இந்தியாப் பக்கமே வரேல்லை. கப்பல்காரன் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய்க் கீறிப்போட்டான்,” என்று சிரித்தார் அவர். பிறகு உஷாராணியைப் படத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். செதுக்கிய தகட்டில் மை தடவி ஈரத்தாளில் அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு தாளில் மெல்லிய பள்ளமாகப் பதிந்துவிடுமாம். “இது அசல் எண்டதுக்கு இந்தத் தடம்தான் பிள்ளை சாட்சி. இது போனால் வெறும் படம். இது சரியாய் வந்தால், நான் வைக்கப்போற கண்காட்சிக்கு மிச்சம் நாப்பது படமும் உன்னட்டைத்தான்.”

“நானே செய்றேன் அங்கிள். வேற யாரும் தொட மாட்டாங்க.”

அப்படி வாக்குக் கொடுத்தவள், இன்று காலை சட்டக் கட்டை எடுக்க மேருவில் இருக்கும் மரப்பட்டறைக்குப் போகிற அவசரத்தில், “அந்த அங்கிள் படத்துக்குச் சுத்தி வைக்கிற அட்டைய வெட்டி வைங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனோ உதவி செய்கிறேன் பேர்வழி என்று முழு வேலையையும் முடித்துவிட்டான்.

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு அவர் வருவார்.

“ஒட்டிடலாமா?” என்றான் சுகுமாறன்.

“ஒட்டுனா தடம் திரும்பி வருமா?”

“அப்ப விடு. சுத்தி அட்டை மறைக்குது, மேல கண்ணாடி. யாருக்குத் தெரியும்? நீ வாயத் தொறக்காம இரு, போதும்.”

பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்கிற அந்தச் சுலபம்தான் அவளைப் பயமுறுத்தியது.

கிருபானந்தன் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். “வடிவாய் இருக்கு. கீழ எழுத்தைக் காணேல்லையே?”

“அட்டைக்கு உள்ள பத்திரமா இருக்கு அங்கிள்,” என்று முந்திக்கொண்டான் சுகுமாறன்.

“உள்ளுக்குக் கிடந்தால் சரி. தம்பி, ஒரு கை குடுங்கோ. மிச்சம் காருக்குள்ள இருக்கு.”

இருவருமாகப் பெரிய தோல் கோப்பு ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்கள். அதைக் கட்டியிருந்த நாடாவை அவர் அவிழ்க்கத் தொடங்கினார். அதற்குள் நாற்பது படங்கள், நூற்றறுபது ஓரங்கள். உஷாராணி மேசையருகே வந்தாள்.

“அங்கிள், அவுக்காதீங்க.”

“உஷா...” சுகுமாறனின் குரல் தாழ்ந்து வந்தது.

“நான்தான் தொடுவேன்னு சொன்னேன். நான் தொடல. நாலு ஓரத்தையும் வெட்டியாச்சு. தடம் இல்ல அங்கிள். எழுத்தும் தனியா வந்திருச்சு.”

அவர் சட்டத்தைப் பார்த்தார். பிறகு சுகுமாறனை. “ஆர் வெட்டினது?”

“எங்க கடைதான் அங்கிள்.”

சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். கோப்பின் முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. கிருபானந்தனின் இரண்டு விரல்கள் அதன்மேல் இருந்தன. இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. மேலே சுற்றிய மின்விசிறியின் காற்றில் நாடாவின் தளர்ந்த முனை மட்டும் எழுந்து எழுந்து, உஷாராணியின் பக்கமாக விழுந்துகொண்டிருந்தது.