கதவுக்குள் சத்தம்

கார் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தகரத்தில் படிந்திருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் கியாசுதீன். தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவற்றை மூடாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஸ்பீக்கர் போட்டாலும், முன்னால் வரும் சத்தத்தைப் பின்னால் போகும் சத்தம் தின்றுவிடும். பிசின் ஷீட்டை வெட்டி ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தார். கே.கே. நகர் வெயிலில் தார் வாசனை எழுந்தது.

காருக்குச் சொந்தக்காரர் ரெங்கராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாட்டு நன்னாத்தான் கேக்கறது. மிருதங்கத்தோட இடது பக்கம் இருக்கே, அந்த கும்காரம் மட்டும் காணாமப் போயிடறது. அது வந்தாப் போதும் எனக்கு."

"வந்துரும் சார். கதவ அடைச்சாலே பாதி வந்துரும்."

ஸ்பீக்கரைச் சுற்றி நுரை வளையம் வைத்து, புது ஒயர் இழுத்து, திருகி முடித்தார். ஒயரில் கூட்டலும் கழித்தலும் ஒரு கதவில் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளும், அடிச்சத்தம் செத்துப்போகும். ஒயர் முனையில் சின்ன பேட்டரியைத் தொட்டு, ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிறதா பின்னால் இழுக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பிரிட்டோ அப்படித்தான் பார்ப்பான். கியாசுதீனுக்குக் காதே போதும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சில மாதமாக அந்தக் காதுக்குள் ஒரு விசில் ஓயாமல் ஊதிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. பிரிட்டோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பேட்டரியை எடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. காருக்குள் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். கம்பளிக்கு அப்பால் யாரோ பாடுவதுபோல் இருந்தது.

"நல்லா வந்துருச்சு சார்," என்றார்.

மறுநாள் காலையில் கார் திரும்பி வந்தது.

"முன்னாடி கொஞ்சமாவது இருந்தது. இப்போ அதுவும் போயிடுத்து," என்றார் ரெங்கராஜன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முதலாளி விக்டர் காருக்குள் உட்கார்ந்து கேட்டார். பிறகு பிரிட்டோவைக் கூப்பிட்டார். பிரிட்டோ இடது கதவைப் பிரித்து, ஒயரைக் கழற்றி மாற்றிச் செருகினான். ரெங்கராஜனின் முகம் மலர்ந்தது. அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. வெளியே நின்ற கியாசுதீன் கதவின்மேல் கையை வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே தகரம் அடித்துக்கொண்டது. காதில் ஒன்றும் மாறவில்லை.

கார் போனதும் விக்டர் கேட்டார்.

"எப்பலேர்ந்து பாய் இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"சொல்லிருக்கலாம்ல. சரி, நாளைலேர்ந்து சீட் கவர் பக்கம் வந்துருங்க. சம்பளம் அந்த வேலைக்கு உள்ளதுதான் வரும். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

விக்டரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் மின்னின. யாருடைய கார் அதிகச் சத்தம் போடும் என்று வருஷாவருஷம் நடக்கும் போட்டியில் ஜெயித்தவை. ஒவ்வொரு தடவையும் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டியவர் கியாசுதீன். விக்டர் வெளியே நின்று சத்தம் அளக்கும் மீட்டரைப் பார்ப்பார்.

"போட்டிக்கு உள்ள உக்காந்து உக்காந்துதான் மொதலாளி..." என்று கியாசுதீன் ஆரம்பித்தார்.

விக்டரின் போன் அடித்தது. எடுத்துப் பேசியபடியே வெளியே போய்விட்டார்.

வீட்டில் மனைவி ரிஃபானா எதுவும் கேட்கவில்லை. டிவி சத்தம் தெரு முனைவரை கேட்கிறது, ஒருதடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம் என்று நோன்புக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவளைத்தான் அவர் சத்தம் போட்டு அடக்கியிருந்தார். இப்போது பெரியாஸ்பத்திரி வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். டாக்டரம்மா சொன்னதை அவர் காதருகே குனிந்து திரும்பச் சொன்னாள்.

"செத்த நரம்பு திரும்ப வராதாம். விசில் ஊத ஆரம்பிச்சப்பவே சத்தத்த விட்டு வெலகியிருந்தா, மிச்சத்தயாவது காப்பாத்தியிருக்கலாமாம்."

"அப்ப வெலகியிருந்தா வேலை போயிருக்குமே," என்றார்.

"இப்ப மட்டும் என்னங்க ஆச்சு?"



அந்த வருஷப் போட்டி நெருங்கியது. சனிக்கிழமை மத்தியானம் தையல் மெஷினில் குனிந்திருந்த கியாசுதீனின் கால்களுக்குத் தரை அதிர்வது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்ற காரின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே பிரிட்டோ. வெளியே, கையில் மீட்டரோடு விக்டர்.

எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். பிரிட்டோ திரும்பினான். கியாசுதீன் தன் இரண்டு காதையும் பொத்திக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

வெளியே அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று பிரிட்டோ நினைத்துக்கொண்டான். பெருமையாகச் சிரித்து, குமிழை இன்னும் கொஞ்சம் திருகினான்.