மீதி வராத எண்

அறுவை சிகிச்சை என்றாலே அக்காவுக்கு நடுக்கம். சம்மதிக்கவே மாட்டேன் என்றாள். கணக்கு வாத்தியாரான தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான்.

"ஏதாவது மூணு இலக்க எண்ணை எழுது. பக்கத்துலயே அதை இன்னொரு தடவை எழுது. ஏழால வகுத்து மீதி வரலைன்னா, நல்லபடியா முடியும்."

அக்கா 358358 என்று எழுதி வகுத்தாள். மீதி வரவில்லை. உடனே சம்மதித்துவிட்டாள்.

இன்று ஸ்ட்ரெச்சர் அறுவை சிகிச்சை அறை வாசலில் நின்றது.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? அதான் மீதி வரலையே."

மனசு உறுத்தியதில் உளறிவிட்டான். "எந்த எண்ணை எழுதினாலும் வராதுக்கா. அப்படி எழுதினா ஆயிரத்து ஒண்ணால பெருக்கின மாதிரி. ஆயிரத்து ஒண்ணு ஏழால வகுபடும்."

அக்கா அவனையே பார்த்தாள்.

"இதை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.