வெயில் பட்ட பக்கம்

மாதுளைப் பழங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்ததைப் பார்த்ததுமே அவள் கணவன் முடிவு கட்டிவிட்டான். பக்கத்து வீட்டு வெல்டர்தான் மதிலுக்கு மேலாக ஆசிட் ஊற்றியிருக்கிறான்.

மதில் பக்கத்துப் பழங்களில் மட்டும்தான் புள்ளி. வேறென்ன சாட்சி வேண்டும்? இலைக் குப்பை பட்டறைக்குள் விழுகிறதென்று போன மாதம் வெல்டர் கத்தியிருந்தான். இவன் ஆத்திரத்தில் அந்தப் பக்கக் கிளைகளையெல்லாம் ஒட்ட வெட்டித் தள்ளியிருந்தான். அன்று மூண்ட பகை இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் மதிலோரம் வந்த வெல்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்ன தம்பி, பழத்துக்கும் உன்ன மாதிரியே மூஞ்சியில மங்கு விழுந்திருக்கு!"

கணவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். கடப்பாரையோடு வெளியே வந்தான்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க. ஒரு பழத்த அறுத்துப் பாத்துடறேன்," என்றாள் அவள்.

"அறுக்க வேண்டியது பழத்த இல்லடி."

வழியை மறித்தாள். அவன் தள்ளிய வேகத்தில் கதவு நிலையில் மோதிப் புருவம் கிழிந்தது. ரத்தத்தைக் கண்டதும் கொஞ்சம் தணிந்தான்.

"சரி, பாத்துத் தொலை."

புள்ளி விழுந்த பழமொன்றைப் பறித்துக் கத்தியால் பிளந்தாள். தோல் பழைய செருப்பு மாதிரி விறைத்திருந்தது. உள்ளே அழுகல் இல்லை, புழு இல்லை; அந்தப் பக்கத்து முத்துகள் மட்டும் சற்று வெளுத்திருந்தன. இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பொட்டுக் கறையில்லை. ஆசிட் என்றால் இலை தப்புமா? இலை மறைவில் தொங்கிய பழம் பளபளவென்றிருந்தது. நிமிர்ந்தாள். கிளைகள் இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடக்க, மேற்கு வெயில் நேராகப் பழங்களின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கத்தினாள்.

"வெயில்ங்க! ஆசிட்டே இல்ல! நீங்க கிளைய வெட்டினதுல வெந்து போயிருக்கு!"

மதிலுக்கு அப்பால் வெல்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ தம்பி! மொட்டையடிச்சது நீ, பழி எனக்கா?"

கணவன் மதிலேறிக் குதித்தான். கடப்பாரை வெல்டரின் தோளை உடைத்தது. இரண்டாவது முறை ஓங்குவதற்குள், வெல்டர் மறு கையால் எடுத்த சுத்தியல் இவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. ஒரே அடி. சத்தம்கூடப் பெரிதாக இல்லை; விழுந்தவன் எழவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் அவளெதிரே நோட்டோடு உட்கார்ந்தார்.

"அந்தாளு ஆசிட் ஊத்தினானா, இல்லையா?"

"இல்ல சார். வெயில்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"அவரு மதிலேர்றதுக்கு முன்னாடி."

பேனா நின்றது. "அவருகிட்ட சொல்லலியாம்மா?"

"சொன்னேன் சார்," என்றாள். "சத்தமாச் சொன்னேன்."